சுடாத துப்பாக்கி

“ஒரு தடவைகூடச் சுட்டிருக்க வாய்ப்பே இல்லையா சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

பழைய துப்பாக்கிகளைப் பார்த்து விலை சொல்லும் அந்த மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இதே கேள்வியைக் கணவர் வெவ்வேறு விதமாகக் கேட்டுக் களைத்துவிட்டார். இப்போது மனைவி தொடங்கியிருந்தார்.

மேசையில் விரித்திருந்த கம்பளித் துணியின்மேல் அந்தத் துப்பாக்கி கிடந்தது. ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவை மட்டுமே ஏற்றிச் சுடக்கூடிய பழைய ரகம். நூறு வயதைத் தாண்டியது. கணவரின் பாட்டனார் வாங்கி, பரணில் போட்டு, மறந்தே போனது என்று வந்தவுடன் சொல்லியிருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். “எங்க பையனுக்காகத்தான் சார் வந்திருக்கோம். வீடு, நகை எல்லாம் போயாச்சு. இதை விட்டா எங்களுக்கு வேற வழி இல்ல.”

பையனுக்கு மேற்படிப்போ, கழுத்தை நெரிக்கும் கடனோ என்று அவர் நினைத்துக்கொண்டார். துருவிக் கேட்பது அவருடைய வழக்கமன்று. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், வழக்கத்தைவிடக் கூடுதலான அக்கறையுடன் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தார். பார்த்ததில் அவருக்கே மகிழ்ச்சி. பழைய துப்பாக்கிகளில் சுடப்பட்டதற்கு ஒரு விலை. தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே சுடப்படாமல் கிடந்ததற்குப் பல மடங்கு விலை. இது இரண்டாவது வகை. தம்பதியர் துள்ளிக் குதிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் அதைச் சொன்னார்.

அவர்கள் துள்ளவில்லை. குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்கள்.

சுட்டுவிட்டுத் துடைத்து வைத்திருக்கலாமே என்றார் கணவர். மதிப்பீட்டாளர் டார்ச்சை அடித்துக் குழலின் உட்புறத்தைக் காட்டினார். அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய மசகு, குழல் வாய்வரை கறுத்து இறுகிக் கிடந்தது. ஒரே ஒரு தோட்டா பாய்ந்திருந்தாலும் அது பெயர்ந்திருக்கும் என்று விளக்கினார்.

அப்படியானால் பிற்பாடு யாராவது புதிதாக மசகைத் தடவியிருக்கலாமே என்றார் மனைவி. மதிப்பீட்டாளர் நகத்தால் சுரண்டிக் காட்டினார். புது மசகு விரலில் ஒட்டும். இது தார் காய்ந்ததுபோல் உதிர்கிறது. இப்படி இறுகுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

சரி, தோட்டாவைத் தட்டும் ஊசி எப்படி இருக்கிறது என்று கணவர் மறுபடியும் ஆரம்பித்தார். அதுவும் அதே மசகில் புதைந்து அசையாமல் நிற்கிறது என்று அவர் காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுவது தெரிந்தது. இத்தனை ஆண்டுத் தொழிலில் அவர் பார்த்தவர்கள் எல்லாரும் ஓட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்து ராஜா கொடுத்தது என்று சாதிப்பவர்கள். வீடு தேடி வந்த மகாலட்சுமியிடம் அடையாள அட்டை கேட்பவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

“இப்பத்தான், ஒரு ரெண்டு வருஷத்துக்குள்ள யாராவது சுட்டிருந்தா?” என்றார் அந்த அம்மா.

“போன மாசம் சுடல. போன வருஷம் சுடல. உங்க மாமனார் சுடல, அவரோட அப்பாவும் சுடல. போதுமாம்மா? நீங்க விக்க வந்தீங்களா, என் வாயைப் பிடுங்க வந்தீங்களா?”

“கோவிச்சுக்காதீங்க சார்,” என்றார் கணவர், அடங்கிய குரலில். “நாளைக்கே உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்ச ஒருத்தர், இது சுட்ட துப்பாக்கிதான்னு சொல்லிட்டார்னா?”

மதிப்பீட்டாளர் எழுந்தே விட்டார். “அப்படிச் சொல்றவன் இதைக் கையில வாங்கிக்கூடப் பார்க்காத முட்டாளா இருக்கணும். அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதையே எழுதிக் கொடுத்துடுங்க சார்,” என்றார் மனைவி. “எங்க வாய் வார்த்தையை யார் நம்புவாங்க?”

இத்துடன் இவர்கள் ஒழிந்தால் சரி என்று அவர் தம் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தார். மசகு, குழல், ஊசி என்று ஒவ்வொன்றாக எழுதினார். தொழிற்சாலையை விட்டு வந்தபின் ஒரு தோட்டாகூட இதிலிருந்து வெளியேறியதில்லை என்று முடித்து, கீழே அழுத்தக் கோடிட்டார். கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். பிறகு நினைவு வந்தவராய் விலையை எழுத மறுபடியும் பேனாவைத் திறந்தார்.

“விலை வேண்டாம் சார்,” என்றார் கணவர்.

“விலை இல்லாம எந்த வியாபாரிய்யா இதை வாங்குவான்? யார்கிட்டதான் காட்டப் போறீங்க?”

அந்த அம்மா தாளை எடுத்து, மை காயும்வரை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டிருந்தார்.

“ஜட்ஜுகிட்ட சார். கோர்ட்ல அனுமதி வாங்கித்தான் இதை உங்ககிட்ட கொண்டுவந்தோம். போன வருஷம் போலீஸ் அனுப்பின போட்டோவை மட்டும் பார்த்து, குழல் வாயில தெரிஞ்ச கறுப்பைப் புகைக் கரின்னு நினைச்சு, ‘சமீபத்தில் சுடப்பட்டது’ன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க. அந்த ஒத்தை வரியாலதான் எங்க பையன் கொலைக் கேஸ்ல உள்ள இருக்கான்.”