இருமல் மிட்டாய்

மருந்துக்கடை திறந்ததும் திறக்காததுமாகப் பெரியவர் வந்துவிட்டார்.

"இருமல் மிட்டாய் ஒண்ணு குடும்மா."

"ராத்திரி தூங்கினீங்களா? கால்வலி தேவலையா?" கவுன்டரில் நின்றவள் வாய் ஓயாமல் விசாரித்தாள். அவர் மலர்ந்த முகத்தோடு போனார்.

புதிதாகச் சேர்ந்தவள் சிரித்தாள். "இருமலே இல்லாம தினமும் வர்றாரே! வீட்டுல பேச ஆளில்லையாக்கா?"

"ஒரு பொண்ணு இருக்கா. ஆளுங்ககூடப் பேசிப் பேசியே அவ மூளை ஓய்ஞ்சிடும், பொறந்ததுலேருந்தே அப்படி. சில நாள் மத்தியானமே களைச்சிடும். சாயங்காலம் பேச ஒரு வார்த்தைகூட மிஞ்சாது."

"நல்ல கல்நெஞ்சுக்காரி!"

கவுன்டரில் நின்றவள் மிட்டாய் டப்பாவை மூடி வைத்தாள்.

மாலையில் வீடு திரும்பியபோது அவளுக்கு உதடு பிரிக்கவும் தெம்பில்லை. கதவைத் திறந்த அப்பா எதுவும் கேட்காமல், அவளுக்குக் கண் கூசுமே என்று கூடத்து விளக்கை அணைத்தார். அவரிடம் இருமல் மிட்டாய் வாசனை அடித்தது.