ஏழாம் பக்கத்துக் கடை

“நெட்டையன் சைட்டுக்கு மேலே நம்ம சைட் வரணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்மா.”

மெக்கானிக் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருந்த பெண் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். நெட்டில் தேடுபவர்கள் கண்ணில் படும்படி கடைகளின் வெப்சைட்டை மேலே கொண்டுவருவது அவள் தொழில்.

“வாஷிங் மெஷின் ரிப்பேர்னு தேடினா நீங்க ஏழாம் பக்கத்துல இருக்கீங்க சார்.”

“ஏழாம் பக்கம் வரைக்கும் யாராவது வருவாங்களா?”

“நானே இப்பதான் முதல் தடவையா வரேன்.”

கடை திறந்து மூன்று மாதம். இந்த மாதமும் போன் வராவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் ஏதாவது கம்பெனியில் போய் யூனிஃபார்ம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

“முதல் பக்கத்துல முதல்ல யாரு?”

“நீங்க சொன்ன நெட்டையன் சார்தான்.”

நெட்டையனும் இவரும் பதினெட்டு வருஷம் ஒரே கடை. ஆரம்பத்தில் ஏது வெப்சைட்? துண்டு நோட்டீஸ் அச்சடித்து, வீடு வீடாகப் போய்க் கதவிடுக்கில் செருகினார்கள். இவருக்கு மூச்சு வாங்கும் என்று மூன்றாம் மாடிக்கு மேலே நெட்டையன் மட்டும் ஏறுவான். கடைக்கு முதல் போன் வந்தபோது ஒரே ரிசீவரில் இரண்டு பேரும் காதை வைத்து, இரண்டு பேருமே “ஹலோ” என்றார்கள். அந்தப் பக்கம் பேசிய அம்மாள் பயந்துபோய் வைத்தே விட்டாள். அன்று பூராவும் சிரித்தார்கள்.

எதற்குப் பிரிந்தார்கள் என்று கேட்டால் வெளியில் சொல்ல வெட்கம். கடைக்குப் புது போர்டு எழுதும்போது யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று பேச்சு வந்தது. வார்த்தை தடித்தது. போர்டில் பெயிண்ட் காய்வதற்குள் கூட்டு முறிந்து, கடையை நெட்டையனிடம் விட்டு இவர் வெளியேறிவிட்டார்.

“நம்மளை ஏத்துறது மெதுவா நடக்கட்டும்மா. அவனைக் கொஞ்சம் கீழே இறக்க ஏதாவது வழி இருக்கா?”

“பொய்யாப் புகார் எழுதறது, அந்த மாதிரியா? அந்த வேலை நான் பார்க்கறதில்ல சார். எந்தக் கோளாறு எதனால வருதுன்னு நீங்க சொல்லுங்க, நான் பக்கம் பக்கமா எழுதிப் போடறேன். ஜனங்க அதைத்தான் தேடறாங்க.”

ஒரு மணி நேரம் சொன்னார். அவள் எழுதிக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் மெக்கானிக் செல்போனை எடுத்தார். நெட்டையன் சைட்டில் ‘உங்கள் கருத்து’ என்று ஓர் இடம் இருந்தது. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார்.

‘நீங்க ரிப்பேர் பண்ணிட்டுப் போனப்புறமும் மெஷின் லாரி மாதிரி சத்தம் போடுது. இதுக்கா உங்களுக்கு இவ்வளவு நல்ல பேரு? இப்படிக்கு, ஒரு வாடிக்கையாளர்.’

நெட்டையனை வேறு எப்படித் திட்டினாலும் தாங்குவான். வேலையைக் குறை சொன்னால் அன்றைக்குச் சாப்பிட மாட்டான். அது தெரிந்துதான் எழுதினார்.

ஆனால் அன்றைக்கு இவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. போகட்டும், எடுத்துவிடலாம் என்று பார்த்தால், போடத் தெரிந்தவருக்கு அழிக்கத் தெரியவில்லை.

அடுத்த வாரமே போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் நாளைக்கு ஒன்று. அப்புறம் நாலு, ஐந்து. யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டால், “நெட்ல பார்த்தோம்” என்று சொல்லிப் பேச்சை மாற்றினார்கள். இவருக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக, மூச்சு வாங்க மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் அந்தப் பெண் வந்தாள்.

“முதல் பக்கம், மூணாவது இடம் சார்.”

“கெட்டிக்காரிம்மா நீ. கடையைக் காப்பாத்திக் கொடுத்துட்ட.”

“என் எழுத்து கொஞ்சம்தான் சார். உங்களுக்கு ஒரு பெரிய லிங்க் கிடைச்சிருக்கு. பன்னிரண்டு வருஷமா நடக்கிற, நல்ல பேர் வாங்கின சைட். அவங்களே ‘இந்தக் கடைக்குப் போங்க’ன்னு உங்க சைட்டைக் காட்டியிருக்காங்க. அதுக்கு மதிப்பு ஜாஸ்தி. வர்றவங்கள்ல பாதிப் பேர் அங்கேருந்துதான் வராங்க.”

“யாரும்மா அது, நம்ம மேல இவ்வளவு அக்கறை?”

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். நெட்டையன் கடை சைட்.

“இதுல ஏதோ உள்குத்து இருக்கு. மொதல்ல அதை எடுக்கச் சொல்லும்மா.”

“படிச்சுட்டுச் சொல்லுங்க சார். யாரோ ஒரு புண்ணியவான் இவர் வேலையைக் குறை சொல்லி எழுதியிருக்கார். அவருக்கு எழுதின பதில் இது. எல்லார் கண்ணுலயும் படட்டும்னு முகப்புலயே போட்டிருக்கார்.”

மெக்கானிக் லேப்டாப்பை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

‘ஐயா, மன்னிக்கணும். நான் கை வச்சும் சத்தம் நிக்கலைன்னா, அதை நிறுத்த ஒரே ஆள்தான் இருக்கார். என்னோட பதினெட்டு வருஷம் இருந்தவர். எனக்கு மேலே வேலை தெரிஞ்சவர். இப்ப புதுசாத் தனிக் கடை போட்டிருக்கார். உங்களுக்கு மட்டுமில்ல, இதைப் படிக்கிற எல்லாருக்கும் சொல்றேன், அவர்கிட்ட போங்க. கீழே அழுத்தினா அவர் சைட் வரும். நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ரோஷக்காரர், மெஷினைத் தொடமாட்டார்.’