சிவப்புப் புள்ளி போட்ட மீன்

"ஏம்பா, நீ விக்கிற ட்ரவுட் மீன் ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?"

மீன்கடை அலெட்டுக்குச் சிரிப்பு வந்தது. வேல்ஸ் முழுக்கத் தேடினாலும் இப்படிக் குறை சொல்லும் ஆள் கிடைக்கமாட்டார்.

"பெருசா இருந்தா நல்லதுதானேம்மா?"

"ஒரு சாண் போதும். இந்த வெள்ளி உடம்புப் பண்ணை மீனும் வேணாம். எங்க ஊர் ஓடையில இருக்கிற மாதிரி பழுப்பா, சிவப்புப் புள்ளி போட்டு வேணும்."

"வரவழைச்சு, சுத்தம் பண்ணியே தரேன்."

"ஐயோ, கழுவக்கூடக் கூடாது! குடல் எடுக்கிறது எப்பவும் நான்தான்."

"சரிம்மா. எப்ப வந்து வாங்கிக்கிறீங்க?"

"நான் வரமாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம், தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கிட்டு, கையில தூண்டிலோட ஒருத்தர் வருவாரே, அவர்கிட்ட குடு. நான் வந்ததை மட்டும் சொல்லிடாதே."

அலெட்டின் கத்தி நின்றது. வாராவாரம் வருகிறவர்தான்.

"இத்ரிஸ் ஐயாவா? அவர் உங்க..."

"வீட்டுக்காரர். வாதம் வந்ததுலேருந்து வலது கை தோளுக்கு மேல எழும்பல. ஓடையில போய் நிக்கிறாரு, வீச முடியல. மீனை ஏமாத்த தூண்டில்ல கட்டின இறகுப் பொய்ப் பூச்சி நனையாமலே வீட்டுக்கு வருது. ஆனா, 'இன்னிக்கு மாட்டினதைப் பாத்தியா'ன்னு மீனை நீட்டறப்ப அவர் முகத்தைப் பார்க்கணுமே!"

அலெட் கத்தியைக் கீழே வைத்தான்.

"வாராவாரம் தனியா எடுத்து வைக்கிறேம்மா."

"வாராவாரம் வேணாம்பா. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், மீன் இல்லன்னு வெறுங்கையோட அனுப்பிடு. கை நல்லா இருந்தப்பவே அவருக்கு அவ்வளவுதான் சிக்கும்."