சின்னவள் கைக்குள் ஒரு நிறுத்தம்

மழை விட்டுவிட்டது, வெளிச்சம் மட்டும் இன்னும் நனைந்தபடியே ஜன்னல் வழியாக வந்து, மேசைமேல் விரித்திருக்கும் பஸ் விளையாட்டின் அட்டை நகரத்தில் விழுகிறது. ஆறும் பாலமும் பூங்காவும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மெல்ல ஆடுகின்றன. தையல்காரியான அம்மா, துணியை நீவும் அதே பக்குவத்தோடு தன் பச்சை பஸ்ஸைச் சந்தைக்கு நகர்த்துகிறாள். அப்பாவின் மஞ்சள் பஸ் பாலத்தைத் தாண்டாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. “உங்க பஸ்ல ஏறினவன் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதாம்ப்பா!” என்று பெரியவள் சிரிக்கிறாள். “டிக்கெட் எடுத்தவன் ஊரைப் பார்க்கட்டுமே,” என்கிறார் அவர். சாயங்கால ரயிலில் பெரியவள் வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்புகிறாள். கதவோரம் நிற்கும் பெட்டியின் பக்கம் யாரும் திரும்புவதில்லை. பலகையில் ஓரிடம்தான் பாக்கி. அங்கே தன் கடைசி நிறுத்த வில்லையை வைத்தால் சின்னவளுக்கு வெற்றி; ஆட்டமும் முடிந்துவிடும். அந்தச் சிவப்பு வில்லையை அவள் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டிருக்கிறாள். “வைடி, நீதான் ஜெயிச்சுட்டியே,” என்கிறாள் பெரியவள். “யோசிச்சிட்டிருக்கேன்.” “இதுல யோசிக்க என்னடி இருக்கு?” சின்னவள் கையை இன்னும் இறுக்குகிறாள். மூடிய விரல்களின் கணுக்கள் வெளுத்திருப்பதைப் பெரியவள் அப்போதுதான் பார்க்கிறாள். தன் நீல பஸ்ஸை எடுத்து, வந்த வழியிலேயே ஒரு நிறுத்தம் பின்னால் வைக்கிறாள். ஆட்ட விதியில் அப்படியொன்று கிடையாது. அம்மா அதைப் பார்க்கிறாள். தன் பஸ்ஸையும் பின்னுக்கு இழுக்கிறாள். “இப்ப யாரோட முறை?” என்று கேட்கிறார் அப்பா. “அக்காவோடதுதான்,” என்கிறாள் சின்னவள், கையைத் திறக்காமலே.