ஓநாய்க்கு முன்னால் ஒரு வால்

சவுத்தி நகரத்துத் தெருவில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. நீண்ட கழியின் உச்சியில் காதுகளை நிமிர்த்தியபடி சிலையாக நிற்கிறார் ஊரின் ஓநாய்த் தெய்வம், வழிதிறப்பவர். கழியைத் தாங்கி வருகிறவன் செருப்புத் தைக்கும் நக்தி. இன்றுதான் அவனுக்கு முதல் முறை. தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கிறான். அது அவனைக் கேட்காமல் வெளியே வந்துவிடுகிறது. ஊர்வலத்தில் வழிதிறப்பவருக்கு முன்னால் எதுவும் போகக்கூடாது. மன்னரே வந்தாலும் பின்னால்தான். அப்போது சந்திலிருந்து ஒரு கறுப்பு நாய், வாயில் கருவாட்டோடு ஓடிவந்து, கழிக்கு முன்னால் நிதானமாக நடக்கிறது. மேளம் நின்றுபோகிறது. கல்லெடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. அதே கூர்ங்காது, அதே நீள மூஞ்சி, சாமியின் சாயல் அல்லவா. "யாரு வீட்டு நாய்டா அது?" என்கிறார் பின்னால் வரும் பூசாரி. கழி இப்போதே கைமாறிவிடும் என்று நக்தி அதை இறுகப் பிடித்துக்கொள்கிறான். "தெரியலீங்க சாமி." நாய் திரும்பி அவனைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. "கருவாடும் நம்ம வீட்டுதுதான்யா," என்கிறாள் கூட்டத்திலிருந்து அவன் மனைவி மெரித், தெருவுக்கே கேட்கும்படி. எல்லோரும் சிரிக்கிறார்கள். பூசாரி சிரிக்கவில்லை, நாய்க்கு முன்னால் கூட்டம் தானாக இரண்டாகப் பிரிவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "வழியத்தான தொறக்குது? நீ நட." மேளம் மறுபடி எழுகிறது. நக்தி தொந்தியை மறந்துவிட்டுக் கழியை இன்னும் ஒரு சாண் உயர்த்துகிறான். "என் நாய்தாங்க," என்கிறான், இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பி, இப்போது யாருமே விசாரிக்காதபோது.