பல்லில் கடித்த பறி

விடிந்ததிலிருந்து பூமாரி எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்திக் காட்டில் சேற்றை மிதித்து நடக்கிறாள். இறாலைத் துழாவிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால், ஓலைப் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருக்கிறாள். காலையில் பிடித்த இறால்கள் மோவாய்க்குக் கீழே துள்ளுகின்றன. பறவை கத்தும் பக்கம் இரை இருக்கும் என்று சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்தாயிற்று. கிளைக்குக் கிளை கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் கத்துகிற கத்தலில் அனல்மின் நிலையத்தின் இரைச்சலே அமுங்கிக் கிடக்கிறது. “கல்யாண வூடு மாதிரி கீது அண்ணி! இன்னிக்கு நமக்கு வேட்டதான்,” என்று பின்னால் வரும் நாத்தனார் சுஜா சிரிக்கிறாள். நேற்று சிப்பி கிழித்த அவள் பாதத்தில் துணி சுற்றியிருக்கிறது.

பூமாரி குனிந்து தண்ணீருக்குள் முழங்கை வரை கைகளை விடுகிறாள். தண்ணீர் வழவழக்கிறது. நகக்கண்கள் எரிகின்றன. நிமிர்ந்து பார்க்கிறாள்: அத்தனை பறவையும் மரத்தில்தான், தண்ணீரில் ஒன்றுகூட நிற்கவில்லை. சத்தத்தைக் கேட்டவள் இதைப் பார்க்க மறந்துவிட்டாள். “இறாலு கீதா அண்ணி?” சுஜா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை நோக்கிக் காலெடுத்து வைக்கிறாள். வாயைத் திறந்தால் பறி போய்விடும். பூமாரி திறக்கிறாள். “எறங்காத சுஜா!” பறி கவிழ்ந்து கொட்டுகிறது. இறால்கள் ஒருமுறை சுருண்டு, அசையாமல் மிதக்கின்றன. கொத்தித் தின்ன ஒரு கொக்கும் இறங்கி வரவில்லை.