படிக்காதவர்கள் மட்டும்

மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்க ஆள் எடுத்தார்கள். வேலை தேடியே செருப்புத் தேய்ந்துபோன மீரான், வெறுங்காலோடு வரிசையில் நின்றான்.

"எழுத்து தெரியுமா?" என்றார் சுமைக்காரர்களின் தலைவர் காதர் மூப்பன்.

"தெரியாது காக்கா."

"நல்லது. படிச்சவனை எடுத்தா, ஆபீஸ் வேலை கிடைச்ச அன்னைக்கே ஓடிப்போறான்."

"அங்கே குமாஸ்தாவுக்கு எழுபது ரூபாதானே காக்கா. இங்கே நூறு. அரிசிக்கடைக்காரன் என்ன, படிப்பைப் பார்த்தா விலை பறையுறான்?"

"கணக்கு பலமா இருக்கே. சரி, கைநாட்டு வை."

மீரான் வலது பெருவிரலை மையில் அழுத்தினான்.

மூப்பன் பெருமூச்சு விட்டார். "ஆம்பளைக்கு இடதுடா. கைநாட்டுக்காரன் எவனுக்கும் இது தெரியும். பி.ஏ.யா?"

மீரான் தலைகுனிந்தான். "ஆமா காக்கா. எக்கனாமிக்ஸ்."

மூப்பன் அவன் விரலைத் துடைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இடதை வை. முதல் நாள் நானும் வலதைத்தான் நீட்டினேன். எம்.ஏ."